ஆட்டுத் தீவனம் வயலிலிருந்தா, காட்டிலிருந்தா?

கறி தின்பதைக் குறைத்தால் காடு பிழைக்கும் என்ற பேச்சு பரவலாக அடிபடுகிறது. பிரேசில் நாட்டில் இது பெருமளவு உண்மை. அங்கே அமேசான் காடு அழிவதற்கு மாட்டு மேய்ச்சல் நிலங்களே முதற்காரணம். மாட்டிறைச்சிக்குக் கிராக்கி ஏற ஏற, காடு புல்வெளியாகிறது.

மாரண்டஹள்ளிப் பகுதி நிலைமை வேறு. இங்கு ஆட்டுக்காகக் காட்டை யாரும் வெட்டுவதில்லை. ஆனால் பஞ்சப்பள்ளிப் பக்கக் காட்டோரங்களில் ஆடுகள் ஆண்டு முழுவதும் மேய்ந்தால், மழைக்கு முளைத்த கன்றுகள் தலையெடுப்பதில்லை. பழைய மரம் பட்டுப்போனால் அந்த இடத்தில் புது மரம் வராது, உண்ணிச்செடிதான் பரவும். வெட்டாமலே காடு தேய்கிறது.

இதற்குக் கறியை விட்டுவிடுவது மட்டும் தீர்வாகாது. சிறு விவசாயிக்கு ஆடுதான் அவசரத்துக்கு உதவும் கைமுதல். கிராக்கி விழுந்தால் விலையும் விழும். நகரத்தில் வாரம் பலமுறை கறி உண்பவர்கள் குறைத்துக்கொள்வது நல்லதே. கிராமத்தில் நோன்புக்கும் பண்டிகைக்கும் உண்ணும் குடும்பம் குறைப்பதால் காட்டுக்குக் கிடைப்பது சொற்பம். ஆடு எங்கே மேய்கிறது என்பதே இங்கு முக்கியம்.

சட்டமும் இறுகியுள்ளது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளின் ஒரு பகுதி 2014-ல் காவிரி வடக்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயங்களில் கால்நடை மேய்ப்பதற்கு 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எனவே காட்டை மட்டும் நம்பி மந்தையைப் பெருக்குவது ஆபத்து.

தீவனம் வளர்க்கும் முறை

வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். 10 ஆடுகளுக்கு 30 முதல் 40 கிலோ தேவை. தண்ணீர் வசதி உள்ளவர்கள் கால் ஏக்கரில் வேலிமசால் பயிரிட்டால் இதில் பெரும் பகுதியைப் பெறலாம். விதைத்த 90-ம் நாளில் முதல் அறுவடை செய்யலாம்; பிறகு 40 நாட்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஒருமுறை விதைத்தால் சுமார் மூன்று ஆண்டுகள் பலன் தரும்.

மானாவாரி விவசாயிகள் மழைக்காலத் தொடக்கத்தில் வரப்பிலும் வேலியோரத்திலும் அகத்தி, சூபாபுல் நடலாம். சூபாபுல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மிஞ்சினால் ஆட்டுக்குக் கெடுதல். கோடைக்குக் கடலைக்கொடியையும் கேழ்வரகுத் தாளையும் நனையாமல் போர் போட்டு வைக்க வேண்டும்.

இப்பகுதியின் சேலம் கருப்பு ஆடு மேய்ந்து பழகிய இனம். திடீரென்று அடைத்துப் போடாமல், அறுவடையான சொந்த நிலத்தில் சில மணி நேரம் மேயவிட்டு, மீதித் தீவனத்தைப் பட்டியில் கட்டித் தொங்கவிட வேண்டும். தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும்.

தழை அறுக்க ஆள்வேலை கூடுவது மெய்தான். ஆனால் காட்டில் சிதறிப் போகும் புழுக்கை முழுவதும் பட்டியிலேயே சேரும். அந்த எருவை வேலிமசாலுக்கே இட்டால் உரச்செலவு குறையும்.