உங்களுக்குத் தெரியுமா? கஜானாப் பணமும் கம்பிக் கதவும்

* அரசுப் பணத்தைக் கையாடிய ஊழியருக்கு ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கலாம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 409-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(5) ஆகிவிட்டது. எண்தான் மாறியது.

* “எடுத்தேன், திருப்பிக் கட்டிவிட்டேனே!” எடுபடாது. நேர்மையில்லாமல் சில நாளைக்கு மட்டும் எடுத்தாண்டாலும் கையாடலே என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. திருப்பிக் கட்டியது தண்டனையைக் குறைக்க உதவலாம், அவ்வளவுதான்.

* பணமோ பொருளோ எங்கே போனது என்று அரசுத் தரப்பு துல்லியமாகக் காட்ட வேண்டியதில்லை. பொறுப்பில் ஒப்படைத்ததை முதலில் நிரூபிக்க வேண்டும். அதன்பின் கணக்குக் காட்டாததும் பொய்யான சமாதானம் சொல்வதும் பொறுப்பேற்றவருக்கு எதிராகவே திரும்பும். 1960-இல் உச்ச நீதிமன்றம் வரை வந்த பம்பாய் வழக்கு ஒன்று. சாயம் போட அரசு கொடுத்த துணியில் ஒரு லட்சம் கெஜத்துக்கு மேல் திரும்பி வரவில்லை. ஆலை இயக்குநர்கள் சொன்ன காரணம்: கரையானும் பூச்சியும் தின்றுவிட்டன! நீதிபதிகள் நம்பவில்லை.

* பீகார் மாட்டுத்தீவன ஊழலில் இன்னும் வேடிக்கை. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் மாவட்ட ஆட்சியர் அமித் கரே கால்நடைத் துறை அலுவலகங்களில் சோதனை போட்டதும் குட்டு உடைந்தது. வாங்காத தீவனத்துக்குப் பில் போட்டுக் கருவூலத்தைக் காலி செய்திருந்தார்கள். டோரண்டா கருவூல வழக்கில், ஹரியானா, டெல்லியிலிருந்து ராஞ்சிக்குக் காளைகளை ஏற்றிவந்ததாகக் கணக்கில் காட்டிய வண்டிகள் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும். (காளை பின்சீட்டில் உட்கார்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை போலும்.) அந்த வழக்கில் மட்டும் 139 கோடி ரூபாய். முன்னாள் முதல்வர் லாலு பிரசாத்துக்கு 2022-இல் 5 ஆண்டு சிறை. சாய்பாசா வழக்கில் 2013-இலேயே தண்டனை பெற்று எம்.பி. பதவியையும் இழந்திருந்தார்.

* தணிக்கைத் துறை யாரையும் கைது செய்யாது. மாநிலக் கணக்குகள் பற்றிய அதன் அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போகும். வழக்குப் போடுவது போலீஸ் வேலை.

* பிலிப்பைன்ஸ் சட்டம் இன்னும் கறார். பொறுப்பிலுள்ள அதிகாரி, உரியவர் கேட்டதும் பணத்தைக் காட்ட முடியாவிட்டால், சொந்தச் செலவுக்கு எடுத்தார் என்றே முதலில் கொள்வார்கள். இல்லையென்று காட்ட அவருக்கு வாய்ப்பு உண்டு. அவருடைய அசட்டையால் வேறொருவர் சுருட்டியிருந்தாலும் குற்றம் அவர் மீதும்தான். பாலத்துக்கு ஒதுக்கிய தொகையைப் பள்ளிக்கூடத்துக்குச் செலவழித்து, ஒரு பைசாகூடத் தொடாத அதிகாரிக்கும் அங்கே தனிப் பிரிவு காத்திருக்கிறது.