பத்திரத்தில் ஒரு வரி

சில ஆண்டுகளுக்கு முன், உறவினர் ஒருவரின் கிரயத்துக்குச் சாட்சிக் கையெழுத்திடும் பொருட்டு ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் தாழ்வாரத்தில் நான் காத்திருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், இடது கைப் பெருவிரலில் ஒட்டிய ஊதா மையைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் போகாமையால் கையை மடியில் போட்டுக்கொண்டு, "வீட்டை அவன் பேருக்கே எழுதிக் கொடுத்துட்டேன், தம்பி. இனிமே எனக்கென்ன கவலை?" என்றார். அந்த முகத்தில் இருந்த நிம்மதி உண்மையானது. மகன் காட்டிய பத்திரத்தைப் பார்த்தேன். அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக் கொடுப்பதாக ஒரு வரி இருந்தது. அந்த அம்மாளுக்குச் சோறு போட வேண்டும் என்றோ, அவர் உயிருள்ளவரை அதே வீட்டில் இருக்கலாம் என்றோ எந்த வரியும் இல்லை. அன்று நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

முதியோரின் இத்தகைய சங்கடங்களை நம் பாராளுமன்றம் அறியாமல் இல்லை. பெற்றோரையும் 60 வயது நிரம்பிய மூத்த குடிமக்களையும் பராமரிப்பதற்கான சட்டம் 2007-லேயே பிறந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தில் தென்பட்ட குறைகளைக் களைய வேண்டி 2019 டிசம்பரில் லோக்சபையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா, சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் துறையின் நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. லோக்சபை அங்கத்தினர் 21 பேரும் ராஜ்யசபை அங்கத்தினர் 10 பேருமாக அமையும் இத்தகைய குழுக்கள், சபையின் ஆரவாரத்துக்கு அப்பால் உட்கார்ந்து, அதிகாரிகளையும் விஷயம் அறிந்தவர்களையும் விசாரித்து, மசோதாவின் ஷரத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்பவை. ஆயினும் அவை சொல்வது சிபாரிசே அன்றிச் சர்க்காரைக் கட்டுப்படுத்தும் உத்தரவு அன்று.

மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஜீவனாம்சம் இல்லை என்ற உச்சவரம்பை எடுத்துவிடுவது, மருமகனையும் மருமகளையும் பராமரிக்கும் கடமைக்குள் கொண்டுவருவது, 80 வயது கடந்தவர்களின் மனுவை 60 நாளில் முடிப்பது, காவல் நிலையந்தோறும் முதியோருக்கென ஓர் அதிகாரியை நியமிப்பது என்று அந்த மசோதாவில் நல்ல அம்சங்கள் பல இருந்தன. குழு 2021 ஜனவரியில் அறிக்கையைச் சமர்ப்பித்தது. மசோதாவோ சட்டமாகாமலே கிடந்து, 2024-ல் அந்த லோக்சபை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. மாதாமாதம் மருந்துக்கடையில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பணம் எண்ணி வைக்கும் எவருக்கும், 2007-ல் வகுத்த 10,000 ரூபாய் இன்று எத்தனை நாளைக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, வராத திருத்தத்துக்காகக் காத்திராமல், இருக்கிற சட்டத்தை நன்றாகத் தெரிந்துகொள்வதே இப்போதைக்கு நமக்கு ரக்ஷணம். அதன் 23-ஆம் பிரிவு, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு முதியவர் சொத்தை எழுதிக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டவர் அந்த நிபந்தனையை நிறைவேற்றத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ வாங்கப்பட்டதாகக் கருதி அதைச் செல்லாதென்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. நிபந்தனை என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பராமரிப்பு நிபந்தனையோடுதான் சொத்து கொடுக்கப்பட்டது என்பது நிரூபணமாக வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. இது முதியோர் நலனுக்கான சட்டம் ஆதலால் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று அதே கோர்ட் 2025 ஜனவரியில் சொல்ல, பாசத்தால் எழுதிக் கொடுத்தது என்பதிலேயே பராமரிப்பு என்ற நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு மார்ச்சில் கருதியது. மனத்துக்கு ஆறுதலான தீர்ப்புகள்தாம். எனினும் எழுபது வயதில் கோர்ட்டுப் படியேறி நிரூபிப்பதைவிட, பத்திரம் எழுதும்போதே ஒரு வரி சேர்க்கச் சொல்வது எவ்வளவோ சுலபம்.

எழுதிக் கொடுப்பவரை ஆயுள் பரியந்தம் உணவு, உடை, வைத்தியம் ஆகியவற்றில் குறைவின்றிப் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரத்தை ரத்து செய்யலாம், உயிருள்ளவரை வீட்டில் வசிக்கும் உரிமை அவருக்கே உண்டு என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அதைவிட நல்ல உபாயம் உயில். செட்டில்மென்ட் எனப்படும் இத்தகைய பத்திரம் அன்றைக்கே சொத்தை மாற்றிவிடுகிறது, உயிலோ எழுதியவரின் காலத்துக்குப் பின்னரே அமலுக்கு வருகிறது, அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றவும் இடம் தருகிறது.

அதேசமயம், இந்த முதியோர் பராமரிப்புச் சட்டத்தை ஆயுதமாக்கி, மருமகளை வீட்டைவிட்டு விரட்டும் முயற்சிகளும் நடக்கின்றன. குடும்ப வன்முறைச் சட்டம் ஒரு பெண்ணுக்குத் தரும் வசிப்பிட உரிமையை இதைக் காட்டிப் பறிக்கலாகாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது நியாயமே.

ஏற்கெனவே கைவிடப்பட்டவர்கள் கோட்டாட்சியர் தலைமையில் அமையும் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும், தாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் ஜீவனாம்ச மனு முடிய வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஒரே ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். இடையில் இடைக்கால ஜீவனாம்சமும் உண்டு. தீர்ப்பு பாதகமானால் 60 நாளுக்குள் ஜில்லா கலெக்டர் தலைமையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பெற்ற பிள்ளை இல்லாதவர், தம் சொத்துக்கு வாரிசாக வரக்கூடிய உறவினரிடம் ஜீவனாம்சம் கோரலாம். முதியவரை எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது, மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்.

படுக்கையில் கிடப்பவர் தாமே போக வேண்டியதில்லை. அவர் ஒப்புதல் தந்தால் அண்டை வீட்டாரோ ஒரு தொண்டு ஸ்தாபனமோ அவருக்காக மனுச் செய்யலாம். தீர்ப்பாயம் தானாகவே முன்வந்தும் விசாரிக்கலாம். எங்கே தொடங்குவது என்று திகைப்பவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை.