மின்சாரம் இல்லாதபோது கிணற்று நீர் எப்படி மேலே வரும்?

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்தும் குடம் நிறையவில்லை. மேலே ஓர் அடிபம்பை மாட்டி உறிஞ்சினால் வராதா?

ஆழத்தில் இருந்தால் வராது. பம்பு நீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றைத்தான் வெளியேற்றுகிறது. வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் தாங்கக்கூடியது அதிகபட்சம் சுமார் 10 மீட்டர் உயர நீரை. நடைமுறையில் 7 மீட்டர்தான். எத்தனை பலசாலி அடித்தாலும் இதுதான் எல்லை.

அதற்கும் கீழே என்றால் பம்பின் பிஸ்டன் இயங்கும் சிலிண்டரையே நீருக்குள் இறக்க வேண்டும். தெருவில் நிற்கும் 'இந்தியா மார்க் 2' அடிபம்பு அப்படிப்பட்டது: கைப்பிடி நீண்ட இரும்புத் தண்டை அசைக்க, அடியில் உள்ள பிஸ்டன் நீரைத் தூக்குகிறது.

திறந்த கிணறு இருந்தால் கப்பியும் கயிறும் வாளியும் போதும். மோட்டார் வந்துவிட்டதென்று அவற்றைக் கழற்றிப் போடாதீர்கள்.