வீட்டில் மணம் பரப்பும் தைலங்கள்

நீரில் சில துளி வாசனைத் தைலத்தை இட்டு நுண்துளிகளாக அறையெங்கும் பரப்பும் சிறு கருவிகள் இன்று பல இல்லங்களில் காணப்படுகின்றன. எத்தைலம் உகந்தது எனப் பெற்றோர் வினவினால், அவ்வறையில் உறங்குவோர் யாவர் என்பதையே முதற்கண் கேட்டறிதல் வேண்டும்.

சளிக்கு நன்றெனக் கருதி யூகலிப்டஸ் தைலத்தை நாடுவோர் பலர். நீலகிரியில் 19-ஆம் நூற்றாண்டில் கொணர்ந்து நடப்பெற்ற இம்மரத்தின் இலைத் தைலத்தில் சினியோல் என்னும் பொருள் மிகுந்துள்ளது. கைக்குழந்தையின் மூக்கருகே இது செறியுமாயின் குரல்வளை இறுகி மூச்சுத் தடைப்படக்கூடும். புதினாத் தைலத்திலுள்ள மெந்தாலும் அத்தகையதே. கற்பூரத் தைலம் சிறிதளவு வயிற்றினுட் சென்றாலும் குழந்தைக்கு வலிப்பு உண்டாகலாம். ஆதலின் புட்டியை எட்டாத உயரத்தில் வைத்தல் இன்றியமையாதது. ஆஸ்துமா உடையோர் இல்லத்தில் எம்மணமும் வேண்டா.

பெரியோர் மட்டும் உள்ள அறைக்கு எலுமிச்சைப்புல் தைலம் ஏற்றது, விலையும் குறைவு. நல்ல தைலத்தில் சிட்ரால் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு இருக்கும். கதவைத் திறந்து வைத்து, அரைமணி நேரம் இயக்குதல் போதும். சந்தனத் தைலமோ விலையுயர்ந்தது. மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் கலப்படமே. எலுமிச்சைப்புல் தைலத்தை ஒரு துளி வெள்ளைக் காகிதத்தில் இடுக. மறுநாளும் எண்ணெய்க் கறை தெளிவாக நின்றால், அதில் சமையலெண்ணெய் போன்றதொன்று கலந்துள்ளதென ஐயுறலாம். சந்தனம் மெல்ல ஆவியாவதால் அதற்கு இச்சோதனை பயன்படாது.