விளையாட்டே தொழிலாக
(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)



"விளையாட்டுப் புத்தி உனக்கு எப்போதுதான் போகுமோ!" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அந்த விளையாட்டையே தொழிலாக்கிக்கொண்டு, தாம் கம்ப்யூட்டரில் விளையாடுவதை வீடியோவாக எடுத்து உலகோர் பார்க்கும்படி வெளியிட்டு, பொருள் ஈட்டுவோரும் இன்று இருக்கின்றனர்.

இதைப் பற்றி நான் எழுதப் புகுந்ததற்குக் காரணம் என் அண்ணன். அவன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன், சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "அப்பா, நான் படிப்பை விட்டுவிட்டு கேமிங் வீடியோ போடப் போகிறேன். ஸ்வீடனில் ஒருவர் அப்படித்தான் கோடீஸ்வரர் ஆனார்" என்றான். அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். மூன்று நாட்கள் இருவருக்கும் பேச்சே இல்லை. "அப்பாவிடம் பஸ்ஸுக்குப் பணம் வாங்கி வா", "அண்ணனைச் சாப்பிடச் சொல்" என்று இருவருக்கும் இடையே தூது போய்க் களைத்த நான், அந்த ஸ்வீடன்காரர் யார், உண்மையில் என்ன செய்தார் என்று தேடிப் படிக்கலானேன்.

அவர் பெயர் ஃபீலிக்ஸ் ஷெல்பெர்க். 1989ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் கோத்தன்பர்க் நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் நிறுவனங்களில் உயர் பதவி வகித்தவர்கள். சிறுவயதில் வீடியோ விளையாட்டுகளில் வரும் மாரியோ, சானிக் போன்ற பாத்திரங்களை ஓயாமல் வரைவாராம். உயர்நிலைப் பள்ளியில் வகுப்புக்குப் போகாமல் நண்பர்களுடன் இன்டர்நெட் மையத்தில் விளையாடிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. (இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை.) பின்னர் அதே நகரிலுள்ள புகழ்பெற்ற சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

2006ஆம் ஆண்டிலேயே அவர் யூடியூபில் 'பியூடி' என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார். 'பியூ' என்பது விளையாட்டில் லேசர் துப்பாக்கி எழுப்பும் ஒலி. 'டை' என்றால் சாவது. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டதால், 2010 ஏப்ரல் 29 அன்று பெயரின் கடைசியில் 'பை' என்று ஒரு தின்பண்டத்தையும் சேர்த்துப் 'பியூடிபை' என்று புதுக் கணக்குத் தொடங்கினார். பிற்காலத்தில் கோடிக்கணக்கானோர் உச்சரித்த பெயர் ஒரு மறதியால் பிறந்தது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'அம்னீசியா' என்னும் திகில் விளையாட்டு. அதுவும் ஸ்வீடனில் உருவாக்கப்பட்டு 2010இல் வெளிவந்ததுதான். இருண்ட கோட்டை ஒன்றில் கையில் விளக்குடன், ஆயுதம் ஏதுமின்றி நடந்து செல்ல வேண்டும்; பூதம் வந்தால் ஓடி ஒளிய வேண்டும். ஃபீலிக்ஸ் தம் முகத்தையும் கேமராவில் காட்டியபடி விளையாடினார். பயந்தபோது அலறினார், நாற்காலியிலிருந்து துள்ளினார். வழியில் கிடந்த சிறிய தங்கச் சிலைக்கு ஸ்டெஃபானோ என்று பெயர் சூட்டி, அது தம்மோடு பேசுவதாகக் குரல் மாற்றிப் பேசினார். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ என்று நடுங்கும் நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க ஒருவர் இருப்பது போன்ற உணர்வு பார்ப்பவருக்கு உண்டாயிற்று. இரவில் தனியே பாத்திரம் கழுவப் பயந்து என்னை அடுக்களையில் நிற்கச் சொல்லும் என் சித்தி மகளை நினைத்துக்கொண்டேன். பார்க்கிறவர்கள் விளையாட்டைவிட அந்தத் துணையைத்தான் நாடி வந்தார்கள் என்று தோன்றுகிறது.

2011இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். அண்ணன் சொன்னது இதுவரை சரிதான். ஆனால் யூடியூபுக்காகவே படிப்பை விட்டார் என்று பலரும் எழுதியதை 2017இல் அவரே மறுத்திருக்கிறார். எடுத்த பாடத்தில் தமக்கு நாட்டம் இல்லாததால் விலகியதாகவும், யூடியூபை நம்பிப் படிப்பை விடுவது முட்டாள்தனம் என்றும் அவர் சொன்னார். (அவர் பயன்படுத்திய அடைமொழியை நம் மலரில் அச்சிட இயலாது.) பெற்றோர் பணம் தர மறுக்கவே, ஹாட்டாக் ரொட்டி விற்கும் கடையில் வேலை பார்த்தார். கம்ப்யூட்டரில் தாம் ஆக்கிய படங்களை அச்சிட்டு விற்று, அந்தப் பணத்தில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்.

இனி, இத்தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். பார்ப்பவரில் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை. 'சந்தாதாரர்' என்கிறார்களே, அவர்களும் சந்தா கட்டுவதில்லை. "புதியது வந்தால் எனக்குத் தெரிவி" என்று ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள், அவ்வளவே. வீடியோவின் நடுவே வரும் விளம்பரங்களுக்கு நிறுவனங்கள் தரும் பணத்தில் 45 விழுக்காட்டை யூடியூப் எடுத்துக்கொண்டு 55 விழுக்காட்டை வீடியோ எடுத்தவருக்குத் தருகிறது. அப்படிப் பங்கு பெறுவதற்குக் குறைந்தது 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் மொத்தம் 4,000 மணி நேரம் பிறர் பார்த்திருப்பதும் வேண்டும் என்று 2018இல் விதி செய்தார்கள். இது தவிர, ஒரு பொருளைப் பாராட்டிப் பேசுவதற்கு நிறுவனங்கள் நேரடியாகத் தரும் தொகையும் உண்டு. விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு இதில் உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். 2013இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் அப்படித்தான் கேட்டது. தன் விளையாட்டுகளைக் காட்டும் வீடியோக்களின் விளம்பர வருவாயைத் தனக்கே எடுத்துக்கொண்டது. பின்னர் பங்கு பிரித்துக்கொள்ளும் திட்டம் ஒன்றை வைத்து, 2018இல் அதையும் கைவிட்டது.

2012 ஜூலையில் ஃபீலிக்ஸுக்குப் பத்து லட்சம் சந்தாதாரர்கள். 2013 ஆகஸ்டில் யூடியூபிலேயே முதலிடம். இந்தப் புகழின் பலம் எத்தகையது என்பதற்கு 'ஃபிளாப்பி பேர்ட்' ஒரு சான்று. வியட்நாம் இளைஞர் டோங் ஙுயென் ஆக்கிய சிறு பறவை விளையாட்டு அது. ஏற்கனவே பரவிக்கொண்டிருந்த அதை 2014 ஜனவரியில் ஃபீலிக்ஸ் விளையாடிக் காட்டவும், பேச்சு இன்னும் பெருகியது. மக்கள் அதற்கு அடிமையாவதைப் பொறுக்காமல் அந்த இளைஞர் அடுத்த மாதமே அதைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். வந்துகொண்டிருந்த பணத்தை விட்டுக்கொடுத்த அவரைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

புகழ் வந்தபின் நடந்தவை எல்லாம் நல்லவை அல்ல. 2017 ஜனவரியில், கூலிக்கு எதையும் செய்து தருவோரைப் பிடிக்கும் இணையச் சந்தை ஒன்றில், இந்தியாவைச் சேர்ந்த இரு இளைஞர்களுக்குப் பணம் கொடுத்து, யூதர் அனைவரும் சாக வேண்டும் என்ற பொருள்படும் வாசகத்தை அவர்கள் தூக்கிப் பிடிக்கும்படி செய்து, அதை வீடியோவில் காட்டினார். பணத்துக்காக மனிதர் எதையும் செய்வர் என்று காட்டும் கேலி என்றார். இத்தகைய வீடியோக்களைப் பற்றிப் பிப்ரவரியில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை எழுதியதும், டிஸ்னி நிறுவனத்தின் மேக்கர் ஸ்டூடியோஸ் அவருடன் கொண்ட தொடர்பை முறித்தது. யூடியூப் அவரை வைத்து எடுத்துவந்த தொடரின் அடுத்த பாகத்தை நிறுத்தியது. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை நாம் வரலாற்றில் படித்திருக்கிறோம். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்த அட்டையைப் பிடித்து ஆடிய இருவரையும் எண்ணித்தான் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. கேலி அவருடையது, முகம் அவர்களுடையது. அதே ஆண்டு செப்டம்பரில் நேரடி ஒளிபரப்பில் விளையாடும்போது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது. அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

அடுத்து, முதலிடத்துக்காக நம் நாட்டு டி-சீரீஸ் இசை நிறுவனத்துடன் போட்டி. அவரது ரசிகர்களில் பலர் இந்தியரை இழித்து எழுதினர். அதைக் கண்டித்த ஃபீலிக்ஸ், 2018 டிசம்பரில் இந்தியக் குழந்தைகளுக்காகப் பாடுபடும் 'க்ரை' அமைப்புக்கு நிதி திரட்டித் தந்தார். ஆனால் 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், சுடத் தொடங்குமுன் ஃபீலிக்ஸின் பெயரைச் சொல்லி, சந்தா சேருங்கள் என்றான். தாம் அறியாத கொலைகாரன் வாயில் தம் பெயர் வந்ததைக் கேட்டு அவர் நடுங்கிப்போனார். ஏப்ரல் 28 அன்று, அந்தக் கோஷத்தையே நிறுத்திவிடுமாறு ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். டி-சீரீஸ் முந்திச் சென்றது. தனிமனிதர்களில் பத்துக் கோடி சந்தாதாரர்களை முதலில் பெற்றவர் என்ற சிறப்பு மட்டும் 2019 ஆகஸ்டில் அவருக்கு வந்தது.

அப்போதும் அவர் ஏறக்குறைய நாள்தோறும் வீடியோ வெளியிட்டுக்கொண்டிருந்தார். மொத்தம் 4,000க்கும் மேல்! நமக்கு ஞாயிறு உண்டு, கோடை விடுமுறை உண்டு. 2020 தொடக்கத்தில், களைத்துவிட்டேன் என்று சொல்லிச் சில வாரம் ஒதுங்கினார். 2022இல் மனைவி மார்ட்ஸியாவுடன் ஜப்பானில் குடியேறினார். 2023இல் மகன் பிறந்தான். அதன்பின் எப்போதாவதுதான் வீடியோ. குழந்தையைப் பற்றியும், ஓவியம் பழகுவதைப் பற்றியும். சிறுவயதில் மாரியோவை வரைந்த கை மறுபடியும் பென்சில் எடுத்திருக்கிறது.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி, முட்டாள்தனம் என்ற வரியின் கீழ்ச் சிவப்பு மையால் கோடு போட்டு, அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் அந்த நோட்டை எடுத்துப் படித்தார். "ரொட்டிக் கடையில் நின்றானா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு அவரே அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டார். படிப்பை முடிப்பது, வீடியோ சனி, ஞாயிறுகளில் மட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அண்ணனின் சானலில் இப்போது 43 சந்தாதாரர்கள். அதில் நான், அம்மா, ஆச்சி, சித்தி மகள் நால்வரும் அடக்கம். அப்பா இன்னும் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. ஆனால் கடைசி வீடியோவை இரண்டு முறை பார்த்தார் என்று அம்மா சொல்கிறார்.