பத்தடிதானே என்று ஏறுகிறவர்களுக்கு

ஐந்தாவது மாடிச் சாரத்தில் பெல்ட் மாட்டிக்கொள்ளும் பெயிண்டர்கூட, பத்தடி ஏணி என்றால் ஈரச் செருப்போடு ஏறிவிடுகிறார். கடையில் மேல்தட்டுப் பெட்டியை இறக்கும் பையனும் அப்படித்தான். முதுகெலும்பு நொறுங்க அந்தப் பத்தடி போதும். தலை தரையில் மோதினால் உயிரே போகலாம்.

அடி வழுக்கும் விதம்

சாத்திய ஏணியில் பல நேரம் முதலில் நழுவுவது ஏணியின் அடிதான். டைல்ஸ் தரையிலும் மணலிலும், ரப்பர் தேய்ந்த ஏணிக்கால் பிடிப்பதில்லை. ஏணி பன்னிரண்டடி உயரத்தில் சுவரைத் தொட்டால், அதன் அடி சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். நான்குக்கு ஒன்று என்பது கணக்கு; சாய்வு சுமார் 75 டிகிரி வரும். அதற்கு மேல் தள்ளி வைத்தால் அடி வழுக்கும். நெருக்கி வைத்தால் ஆளோடு பின்னால் சாயும்.

எட்டாத இடத்துக்கு உடம்பை வளைக்காதீர்கள். தொப்புள் ஏணிச் சட்டத்தைத் தாண்டினால் சமநிலை போய்விடும். இறங்கி ஏணியை நகர்த்த ஆகும் நேரத்தைக் கொடுக்க வேண்டியவர் மேஸ்திரி. "சீக்கிரம் முடி" என்று அவர் விரட்டும் இடத்தில் தொழிலாளியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

மின்கம்பி அருகே அலுமினிய ஏணி கூடவே கூடாது. நனைந்த மூங்கிலும் மின்சாரம் கடத்தும்.

குதிங்கால் வலித்தால் முதுகையும் பாருங்கள்

நின்றவாக்கில் விழுந்தவர் "குதிங்கால்தான் வலிக்குது" என்பார். அங்கே விழுந்த அடி கால் வழியே முதுகெலும்புக்கு ஏறியிருக்கலாம். குதிங்கால் எலும்பு உடைந்தவர்கள் சிலருக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பும் முறிந்திருக்கும். காலின் கடும் வலியில் அது தெரியாமல் போகும். ஆகவே மருத்துவரிடம் எவ்வளவு உயரத்திலிருந்து, எப்படி விழுந்தார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கால் மரத்துப்போனாலும் சிறுநீர் பிரியாவிட்டாலும் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

தூக்கி உட்கார வைக்காதீர்கள்

நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி வைப்பது நல்ல மனதோடு செய்யும் பெரும் கெடுதல். முறிந்த முள்ளெலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்கலாம். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கிடந்த இடத்திலேயே தலையும் கழுத்தும் அசையாமல் இரு கைகளால் பிடித்திருங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒருசேர உருட்டிப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மின்சாரம் தாக்கி விழுந்திருந்தால், தொடுவதற்கு முன் மின்இணைப்பைத் துண்டியுங்கள். மூச்சு நின்றிருந்தால் எலும்பு முறிவைப் பற்றி யோசிக்காமல் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

எழுந்து நடந்துவிட்டார் என்று விட்டுவிடவும் கூடாது. மண்டைக்குள் ரத்தம் கசிவது சில மணி நேரம் கழித்தே தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கமாகத் தெரியலாம். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே, வேலை செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்ததாகவே பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னால் இழப்பீடு கேட்க அந்தச் சீட்டு வேண்டும்.