பொன்னி வந்த வழியும் முழு அரிசி காக்கும் முறையும்

செஞ்சியை அடுத்த தளவானூரில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த பாறைக்கோயில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவ்வட்டாரத்து உழவர்கள் இன்று சம்பாப் பட்டத்தில் விரும்பிப் பயிரிடும் பொன்னி நெல்லோ சென்ற நூற்றாண்டில் வந்ததுதான். ஒரே ஊரில், ஒரே வாரத்தில் அறுவடையான பொன்னியை இரண்டு உழவர்கள் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு சென்றாலும், இருவருக்கும் மூட்டைக்கு ஒரே விலை கிடைப்பதில்லை. இதற்குக் காரணம் என்ன? நெல்லின் தரத்தில் ஒரு பாதி இரகத்தில் இருக்கிறது. மறு பாதி களத்தில் இருக்கிறது. முதல் பாதியைப் பல நாட்டு அறிஞர்கள் கூடி உருவாக்கினார்கள். மறு பாதி உழவரின் கையில் உள்ளது.

பல நாடுகள் கூடிப் பெற்ற நெல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசியா எங்கும் உணவுப் பஞ்சம் நிலவியது. உரத்தை ஏற்று மிகுந்த விளைச்சல் தரும் ஜப்பானிய நெல்லையும், நம் நாட்டு நெடுநெல் இரகங்களையும் கலப்பினம் செய்ய ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1950ஆம் ஆண்டையொட்டி ஒரு திட்டம் வகுத்தது. அதற்குக் களமாக அமைந்தது கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம். கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த கே. இராமையா அவர்களே அந்நிலையத்தின் முதல் இயக்குநர் ஆவார்.

ஆசிய நாடுகள் தத்தம் இரகங்களை அனுப்பின. கலப்பு விதைகள் அந்தந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. ஆனால், இவ்விரு இனங்களும் எளிதில் ஒத்துப்போவதில்லை. கலப்புப் பயிர்களில் பதர் மிகுந்தது. நூற்றுக்கணக்கான கலப்புகளிலிருந்து தேறி இரகங்களாக வெளிவந்தவை ஒரு சிலவே. அவற்றுள் ஒன்று 1965இல் ஆடுதுறையில் வெளியிடப்பட்ட ஏடிடீ 27. மற்றொன்று, மலேயாவின் மாயாங் எபோஸ் 80 என்ற நெல்லும் தைச்சுங் 65 என்ற தைவான் நெல்லும் கலந்து பிறந்து, 1965இல் மலேசியாவில் வெளியான மாசூரி. இந்த மாசூரிதான் தமிழ்நாட்டில் பொன்னி ஆயிற்று. அதிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட வெள்ளைப் பொன்னி 1986இல் வெளியிடப்பட்டது.

சோற்றின் குணத்துக்கு ஓர் அளவுகோல்

விளைச்சல் மட்டும் போதாது என்பதை ஐ.ஆர். 8 கற்றுத் தந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதனை 1966இல் வெளியிட்டது. விளைச்சல் கொட்டியது, ஆனால் அரிசியின் வயிற்றில் வெண்மை படர்ந்திருந்தது, ஆலையில் எளிதில் நொறுங்கியது, ஆறிய சோறு கெட்டிப்பட்டது.

சோறு கெட்டிப்படுவதற்குக் காரணம் அரிசி மாவுப்பொருளில் உள்ள அமைலோஸ் என்னும் பகுதி. இது 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சோறு உதிரியாக இருக்கும், ஆறினால் கெட்டியாகும். 20 முதல் 25 சதவீதம் வரை இருந்தால் சோறு உதிரியாகவும் மென்மையாகவும் இருக்கும். அதற்கும் குறைந்தால் சோறு ஒட்டும்.

ஆனால், ஒரே அரிசிக்கு மணிலாவில் ஓர் அளவும் மைசூரில் வேறோர் அளவும் வந்தால் யாருக்கு என்ன பயன்? ஆகவே ஒரே அரிசி மாதிரிகளைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே ஆய்ந்து முடிவுகளை ஒப்பிட்டன. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பியன்வெனிடோ ஜூலியானோ முன்னின்று நடத்திய இம்முயற்சியின் முடிவுகள் 1981இல் வெளியாயின. 1955இல் தொடங்கப்பட்ட சர்வதேச தானிய அறிவியல் சங்கமும் ஏனைய தானியங்களுக்கு இவ்வாறே பொதுவான ஆய்வு முறைகளை வகுத்து வருகிறது.

குருணை எங்கே பிறக்கிறது?

நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமியும், 8 முதல் 10 கிலோ தவிடும் போக, 70 கிலோ வரை அரிசி கிடைக்கும். அதில் முழு அரிசி எவ்வளவு, குருணை எவ்வளவு என்பதே வியாபாரியின் கணக்கு. மணியின் நீளத்தில் முக்கால் பங்குக்குக் குறைந்தது நொறுங்கல் என்பது பல நாடுகளும் ஏற்ற கணக்கு.

பழியை ஆலையின் மேல் போடுவது வழக்கம். ஆனால் மணி பெரும்பாலும் ஆலைக்குப் போகும் முன்பே வெடித்துவிடுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஓட்டோ குன்ஸ் என்ற அறிஞர் செய்த ஆய்வுகள் ஓர் உண்மையைத் தெளிவாக்கின. நெல் காயும்போது மட்டும் வெடிப்பதில்லை. காய்ந்த மணி மீண்டும் ஈரத்தை உறிஞ்சும்போதும் வெடிக்கிறது. மேற்புறம் ஈரத்தால் விரிய, உட்புறம் அதற்கு இடங்கொடாமல் குறுக்கே பிளக்கிறது. பகலில் காய்ந்த நெல் இரவில் பனியில் நனைவதும், முற்றிக் காய்ந்த கதிர் வயலிலேயே பனியிலும் மழையிலும் நிற்பதும் இதே கேட்டைத்தான் விளைவிக்கின்றன.

உழவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கதிரில் 80 முதல் 85 சதவீத மணிகள் வைக்கோல் நிறம் அடைந்ததும் அறுவடை செய்ய வேண்டும். அப்போது ஈரப்பதம் 20 முதல் 25 சதவீதம் இருக்கும்.

2. ஈர நெல்லைக் குவியலாகவோ மூட்டையாகவோ இரவு முழுதும் வைத்திருக்கக் கூடாது. சூடேறி மணி பழுப்பாகும்.

3. களத்தில் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலக் கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒரு முறை கிளற வேண்டும். உச்சி வெயில் கடுமையாக இருந்தால் நெல்லைக் கூட்டி மூடி வைக்கலாம்.

4. மாலையில் நெல்லைக் கூட்டித் தார்ப்பாயால் மூட வேண்டும். பனி படக் கூடாது.

5. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது என்பது பொது விதி. மழைக் காலங்களில் மைய அரசு இதைத் தளர்த்துவதும் உண்டு. சில மாதம் இருப்பு வைக்க 14 சதவீதமும், விதைக்கு 12 சதவீதமும் ஏற்றவை.

வீட்டிலேயே சோதனை

வாணலியில் வறுத்து ஆறவைத்த உப்பு ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளவும். உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் கால் பங்கு நெல்லும் இந்த உப்பும் இட்டு மூடி நன்கு குலுக்கவும். சில நிமிடங்கள் கழித்துப் பார்த்தால், உப்பு சீசாவின் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் உள்ளது. ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் குறைவு.

வெடிப்பை அறிய, 100 மணிகளைக் கையால் உமி நீக்கிக் கண்ணாடித் தட்டில் பரப்பிக் கீழிருந்து டார்ச் விளக்கைக் காட்டவும். குறுக்குக் கோடு தெரியும் மணிகளை எண்ணினால் நூற்றுக்கு எத்தனை என்பது தெரிந்துவிடும்.

காயவைத்தால் எடை குறைகிறதே என்ற கவலை இயல்புதான். ஈரப்பதம் 20 சதவீதமுள்ள 100 கிலோ நெல் 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் 96.4 கிலோ ஆகும். குறைந்த 3.6 கிலோவும் தண்ணீரே. அந்தத் தண்ணீருக்கு ஆசைப்பட்டு நெல் திருப்பி அனுப்பப்பட்டால் வண்டி வாடகையும் நாளும் வீணாகும்.

புழுங்கல் செய்தால்

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வெந்நீர் ஊறல் முறையில், 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நெல் மூன்றரை மணி நேரத்தில் ஊறிவிடுகிறது. பழைய முறையில் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறியதால் வந்த வாடை இதில் இல்லை. ஆவியில் வேகும்போது மாவுப்பொருள் பசையாகி வெடிப்புகளை ஒட்டிவிடுவதால் குருணை குறையும். ஆனால், பூசணம் பிடித்துப் பழுத்த நெல்லை எந்த முறையும் நல்ல நெல்லாக்காது.

கட்டாக்கிலும் மலேசியாவிலும் கூடித் தேர்ந்த நற்குணம் பொன்னி விதையிலேயே அடங்கியுள்ளது. அதைச் சிந்தாமல் சிதறாமல் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது களத்து வேலை. வரும் அறுவடைக்கு முன் ஒரு சீசா, ஒரு பிடி உப்பு, ஒரு தார்ப்பாய் ஆகிய மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.